குரூப்பில் எழுதுமுன் மணியை அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சண்டைகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள்தான். நான் எதிர்க்கட்சி. தவறு செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

31 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். போன வருடம் தினமும் விடிகாலை ஐந்து மணிக்குப் படுக்கையறை சீலிங்கில் ‘தொம் தொம்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் விட்டு விட்டு வரும். அப்புறம் வேகம் பிடிக்கும். ஒரு நடுக்கத்தோடு ஓயும். மேல்வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். விசாரணையே வைக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மேலே ஏறினால் பதினெட்டுப் படிதான். நான் ஏறவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், “சில வீடுகளுக்கு மற்றவர்களின் தூக்கத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. பிள்ளையை வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்” என்று போட்டேன். பெயரோ வீட்டு எண்ணோ எழுதவில்லை. அதுவே நாகரிகம் என்று எனக்கு நினைப்பு வேறு. யாரைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு கட்டைவிரல்கள். மேல்வீட்டுப் பெண் மட்டும் பதில் எழுதவில்லை. அன்றிலிருந்து நான் லிஃப்டுக்குள் வந்தால் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிவிடுவாள்.

மே மாதம் அவர்கள் பத்து நாள் ஊருக்குப் போனார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, தொம் தொம்.

சத்தம் வந்தது மேல்வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து. அங்கே வாஷிங் மெஷினின் ஒரு கால் தரையில் சரியாகப் படியவில்லை. துணி பிழியும் சுற்று வரும்போதெல்லாம் அது குதித்திருக்கிறது. காற்றில் வரும் சத்தத்துக்கு நம் காது ஓரளவு திசை சொல்லும். கட்டடத்தின் வழியாக வரும் அதிர்வு அப்படியில்லை. கான்கிரீட்டில் ஒலி காற்றில் போவதைப்போலச் சுமார் பத்து மடங்கு வேகத்தில் ஓடும். தளம் முழுவதுமே அதிர்ந்து ஒலிபெருக்கிபோல் ஆகிவிடும். மூலைவீட்டில் தட்டினாலும் நம் தலைக்கு மேலே தட்டுகிற மாதிரியே இருக்கும். இதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தூக்கம் போன கோபத்தில் ஒரு வரி ஞாபகம் வரவில்லை.

தவறு தெரிந்த பிறகாவது மேலே போனேனா என்றால், இல்லை. இரண்டு மாதம் போகவில்லை. குற்றம் சாட்டுவதற்கு ஒரு கட்டைவிரல் போதும். மன்னிப்புக் கேட்கக் கால் வேண்டியிருக்கிறது.

அதற்குள் என் குளியலறை கீழ்வீட்டு சீலிங்கில் ஒழுகத் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் சின்ன வயசு, கைக்குழந்தைக்காரர். குரூப்பில் ஒரு வார்த்தை போடவில்லை. சாயங்காலம் வந்து மணியடித்து, “அம்மா, எங்க சீலிங்ல ஒரு கறை தெரியுது. உங்க வீட்டுத் தண்ணிதானான்னு எனக்குத் தெரியல. வந்து பாக்கறீங்களா?” என்றார். அந்த ‘தெரியல’ என்ற ஒரு சொல்லில் நான் கூசிப்போனேன். தண்ணீரும் சத்தத்தைப்போலத்தான், கசிகிற இடம் ஒன்று, கறை தெரிகிற இடம் வேறொன்று. குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் குழாயைத் திறக்காமல் விட்டோம். கோட்டுக்குக் கீழே நீர் நன்றாக இறங்கியது, கீழே கறையும் பெரிதானது. ஆகவே கோளாறு தரையில். டைல்ஸ் இடுக்கில் பூசியிருந்த பூச்சு பெயர்ந்திருந்தது. செலவு என்னுடையது. பேச்சு முடிந்தது.

மறுநாளே மேலே ஏறினேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். பிறகு, “பரவாயில்ல டீச்சர், உங்களுக்குத் தூக்கம் போச்சு, எழுதிட்டீங்க. கட்டைவிரல் போட்ட இருபத்திரண்டு பேருக்கு என்ன போச்சு?” என்றாள். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

1950இல் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்கள் வசித்த குடியிருப்பை ஆராய்ந்து எழுதினார்கள். குணம் ஒத்துப்போவது மட்டுமல்ல, வாசல் பக்கத்தில் இருப்பதும் நட்பை வளர்க்கிறது என்று கண்டார்கள். பலருக்கும் தெரிந்தது இதுவரைதான். 1976இல் கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பை ஆராய்ந்த வேறு சிலர் இன்னொன்றையும் கேட்டார்கள்: உங்களுக்குப் பிடிக்காதவர் எங்கே இருக்கிறார்? நண்பர்களைவிடவும் பக்கத்தில் என்று பதில் வந்தது. சத்தமும் ஒழுகலும் எட்டுகிற தூரத்தில்தானே பகை முளைக்கும்!

சங்கங்களின் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட், மோட்டார், குப்பை எல்லாம் பொதுக் குரூப்பில் வரட்டும். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவிலுள்ள புகார் வந்தால், “நேரில் போய்ப் பேசினீர்களா?” என்று கேட்டுவிட்டு அதை நீக்கிவிடுங்கள். மிரட்டலோ ஆபத்தோ இருக்கிற இடத்தில் யாரும் தனியாகப் போய் மணியடிக்க வேண்டாம், அது வேறு விஷயம். மற்றபடி, பேசப் போகிறவர், சத்தம் கேட்கிற அந்த நேரத்தில் எதிர்த்தரப்பைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டுக் கேட்கவைப்பது நல்லது. தன் காலடி கீழே எப்படிக் கேட்கும் என்று யாருக்குமே தெரியாது.

எனக்கும் தெரியாது. ஒழுகலைச் சரிசெய்த அன்று கீழ்வீட்டுக்காரரிடம், “என் வீட்டுச் சத்தம் ஏதாவது உங்களுக்குக் கேட்குமா?” என்று சும்மா கேட்டுவைத்தேன். சிரித்தார். “ராத்திரி பத்தேகாலுக்கு நாற்காலிய இழுப்பீங்கம்மா. அது கேட்டாத்தான் நாங்க விளக்கணைக்கறது.”

நாற்காலியின் நாலு காலுக்கும் ரப்பர் மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி வாசகி