இடம் பிடித்து வைத்த ஆச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

சபையாருக்கும் எங்களைத் தாங்கிய மற்ற எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

மகன் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்துபோய் அவன் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். தூங்குகிறான். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த 14 மாதங்களில் எங்களுக்குக் கிடைத்த அன்பைப் பற்றி மட்டும், மனம் ஈரமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் மூன்று மாதம் நாங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். ஒன்பது மணிக்கு அதைக் கழற்றி மாட்டிவிடுவார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். இருபது வருஷமாக ஒரே வரிசையில் உட்கார்ந்த குடும்பம். ஞாயிறுபள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை. எந்த முகத்தோடு போய் நிற்பது?

அப்புறம் ஜனவரியில் ஒரு ஞாயிறு, இவர் சட்டையைக் கழற்றவில்லை. "வா, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடலாம்" என்றார். முதல் பாட்டு தொடங்கிய பிறகுதான் உள்ளே நுழைந்தோம். வாசலில் நின்ற தம்பி எதுவும் கேட்காமல் முன்னால் நடந்தார். நாலாவது வரிசை, மின்விசிறிக்குக் கீழே, எங்கள் வழக்கமான இடம். பெஞ்சின் மேல் மூன்று டிஷ்யூ பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உணவங்காடி நிலையத்தில் மத்தியானக் கூட்டத்தின் நடுவே மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடத்துக்கு ஆள் உண்டு. சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார். எவ்வளவு பசி என்றாலும் யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். 'சோப்' (chope) பண்ணியிருக்கிறது, அதாவது யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விலகிப் போவார்கள். ஆலயத்தில் அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆனால் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "உக்காரும்மா" என்றார். அவ்வளவுதான். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றும் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, சபை பாடிக்கொண்டிருந்த அடியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, வயது அப்படி. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு பாடினேன்.

இதெல்லாம் அன்றைக்கு மட்டும் செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். பல வாரம் கழித்து ஒரு சகோதரி சொல்லித்தான் தெரியும். நாங்கள் வராத மூன்று மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மூன்று பாக்கெட்டும் அங்கே இருந்திருக்கின்றன. நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டும் இடம் போதாத கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் இருந்திருக்கின்றன. "யாராவது வருகிறார்களா ஆச்சி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வருவாங்க" என்றாராம். வழியில் சக்கர நாற்காலியில் இருந்து டிஷ்யூ விற்கும் ஒருவரிடம் ஒரு வெள்ளிக்கு மூன்று பாக்கெட் வாங்குவாராம். மூன்று பாக்கெட், அந்த வரிசையில் உட்காரும் எங்கள் மூன்று பேருக்கு: இவர், நான், மகன்.

அந்த மூன்றாவது பாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பிறகு வந்த 11 மாதமும் ஓரத்து இடத்தில் அது இருந்தது. அவன் எப்போதும் ஓரத்தில்தான் உட்காருவான். அதுகூட அவருக்கு நினைவிருந்தது. ஆராதனை முடிந்ததும் அதை என் பைக்குள் போட்டுவிடுவார். அப்படிச் சேர்ந்தவை வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் சந்திப்பின்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஓரத்துலயாம்மா?" என்று கேட்டான். "ஓரத்துலதான்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு மீதி நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

அவனைப் பார்க்கப் போக தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி 2-ஆம் எண் பேருந்து எடுப்போம். வழியில் சாங்கி சிற்றாலயமும் அரும்பொருளகமும் இருக்கின்றன. நேரம் இருந்தால் அங்கே இறங்கி உட்காருவோம். 1942-இல் ஜப்பானியர் பிடியில் இருந்த ஸ்டான்லி வாரன் என்ற போர்க்கைதி, கடும் நோயோடு கிடந்தபோது சாங்கி முகாமில் இருந்த வேறொரு சிற்றாலயத்தின் சுவரில் ஐந்து பெரிய வேதாகமக் காட்சிகளை வரைந்தார். முறையான ஓவியச் சாயம் கிடையாது. சக கைதிகள் எங்கிருந்தோ கொண்டுவந்த பெயின்டும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்குப் பூசும் நீலச் சுண்ணத் துண்டும்தான். பிறகு அந்தச் சுவர்மேல் வெள்ளை அடித்து மறைந்துபோய், 1958-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். சிலுவைக் காட்சியில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற வாக்கியத்தை அந்தக் கைதி எழுதியிருக்கிறார்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. எங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் யோசேப்பைச் சொன்னார்கள், பவுலையும் சீலாவையும் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் குற்றமில்லாமல் சிறைக்குப் போனவர்கள், அந்தப் போர்க்கைதிகளும் அப்படித்தான். என் மகன் அப்படி இல்லை. அவன் செய்தான், ஒத்துக்கொண்டான், தண்டனை அனுபவித்தான். எங்களுக்கு வேதத்தில் வேறு ஓர் ஆள் தேவைப்பட்டார். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன்தான் அந்த ஆள். "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று அவன் சொன்னான். தன்மேல் பிழை இல்லை என்று வாதாடவில்லை, உண்மையைச் சொன்னான், அதற்கப்புறம்தான் இயேசுவிடம் கேட்டான். அன்றைக்கே பரதீசில் இடம் கிடைத்தது.

கஷ்டத்தில் தேவனை மகிமைப்படுத்துவது என்றால் சிரித்த முகத்தோடு சாட்சி சொல்வது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்கு அது பொய்யை நிறுத்துவதில்தான் தொடங்கியது. எதிர்வீட்டு மலாய் அக்காவிடம் மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருந்தேன். ஒரு பொய்க்கு இன்னும் பத்துப் பொய் வேண்டியிருந்தது: அங்கே குளிராம், லீவு கிடைக்கவில்லையாம். ஆலயத்துக்குத் திரும்பி வந்த அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் கதவைத் தட்டி உண்மையைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நோன்புப் பெருநாளன்று அவர் எங்களுக்கு அனுப்பிய தட்டில் மகனுக்கும் சேர்த்துச் சாப்பாடு இருந்தது. அவருக்கும் இந்த மடலில் நன்றி. மகள் இதை அவருக்குப் படித்து மொழிபெயர்த்துச் சொல்வாள்.

மற்ற எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது, மன்னியுங்கள். தீர்ப்பு நாளன்று எங்களோடு நின்ற போதகர், மகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த சகோதரர், மழை நாட்களில் சாங்கிவரை கார் ஓட்டிய தம்பிகள், இவருக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த தேக்காக் கடை முதலாளி, உள்ளே போய் அவனோடு உட்கார்ந்து ஜெபித்த தொண்டூழியர்கள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவன் பெயரை ஒருநாளும் விடாதவர்கள், அவனைத் தன் சமையலறையில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர். யாரையாவது விட்டிருந்தால் என் ஞாபகத்தின் குறைதான், நன்றியில் குறையில்லை.

போன ஞாயிறு மகளோடு சேர்த்து நாங்கள் நான்கு பேரும் வந்தோம். கணுக்காலில் கட்டியிருக்கும் கண்காணிப்புப் பட்டை தெரியக் கூடாதென்று மகன் கால்சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தான். ஓரத்து இடத்தில் பாக்கெட் இருந்தது. ஆச்சி அதை எடுத்து அவன் சட்டைப் பைக்குள் வைத்து, பெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவன் உட்கார்ந்த பிறகு பாட்டுப் புத்தகத்தில் அவனுக்கும் விரலை வைத்துக் காட்டினார்.

இப்போது நான் கர்த்தருக்கு முன்பாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். நம் சபையில் இன்னொரு குடும்பம் கொஞ்ச நாளாக வருவதில்லை. யார், என்ன காரணம் என்று எழுத மாட்டேன், உங்களிடம் கேட்கவும் மாட்டேன். நீங்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாவது வரிசையில், ஜன்னல் பக்கம், உங்கள் இடத்தில் போன ஞாயிறும் நான்கு பாக்கெட் வைத்திருந்தேன். வருகிற ஞாயிறும் இருக்கும். நேரமாகிவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள்.