கடற்கரைக் கல்யாணமும் சித்தப்பாவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நான் போய்வந்த கடற்கரைக் கல்யாணத்தைச் சொன்னதும், "கோயில் இல்லாமல் கத்தோலிக்கக் கல்யாணமா, யார் மந்திரித்தது?" என்று நீங்கள் போனில் கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

மணப்பெண் என்னோடு வேலை பார்ப்பவள். முதல் கல்யாணம் முறிந்து கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது, ஆனால் அது செல்லாத கல்யாணம் என்று திருச்சபை தீர்ப்புத் தராதவரை கோயிலில் மறுமணம் கிடையாதே. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே, குருப்பணியை விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பாதர்கள் வந்து நடத்தி வைக்கிறார்கள். அமெரிக்காவில் நான் இருக்கிற இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லூயிஸ் ஹாகெட் என்கிற பெண்மணி, முதியோர் இல்லத்தில் இருந்த தன் தாய்க்கு ஒரு பாதர் கிடைக்காமல் தவித்துவிட்டு, 1992இல் இவர்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தாராம். 'ரென்ட் எ பிரீஸ்ட்' என்று பெயர். குருவை வாடகைக்கு எடுப்பதா என்று எனக்கு முகம் சுளித்தது, உண்மை.

கல்யாணம் இதே மாநிலத்துக் கேப் காட் கடற்கரையில். பாதருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பையிலிருந்து குருமார் கழுத்தில் போடும் வெள்ளை ஸ்டோல் பட்டையை எடுத்து, அதிலிருந்த சிலுவையை முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார். காற்றில் புத்தகத்தின் தாள் நிற்காமல் அடித்துக்கொண்டது, அவர் மனைவி வந்து பக்கத்தில் நின்று ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் எடுக்கவில்லை.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை அம்மா. டவுன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் பொறுத்து லைசென்ஸ் வாங்கியதால் சர்க்காருக்கு இது செல்லும். ஆயரோ பங்குச் சாமியாரோ அவர்கள் அனுப்பியவரோ நடத்தாததால் திருச்சபைக்குச் செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். சாப்பாட்டின்போது அவரிடம் பேசினேன். இங்கிலாந்து வழிவந்த ஆங்கிலிக்கன் சபையிலிருந்து மனைவியோடு நம் சபைக்கு வருகிற குருமார்களுக்கு 1980 முதல் இந்த நாட்டில் குருப்பட்டம் கொடுக்கிறார்கள், குருவான பிறகு கல்யாணம் கட்டியவனுக்குத்தான் பீடத்தில் பூசை வைக்க இடமில்லை என்றார். ஆனாலும் பட்டம் அழியாது, திருச்சபைச் சட்டம் 290 அதைத்தான் சொல்கிறது, 976இன்படி மரண ஆபத்தில் இருப்பவருக்கு எந்தக் குருவும், பணி செய்ய அனுமதி இல்லாதவரும்கூட, பாவமன்னிப்புக் கொடுக்கலாம் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாத்தா சாகக் கிடந்த ராத்திரி நினைவிருக்கிறதா? பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். குருவாக இருந்த சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார், பெண்டாட்டி கட்டினவன் உள்ளே வரக்கூடாது என்று யாரோ சொன்னதும் அப்படியே திரும்பிப் போனார். அவர் தாத்தாவின் பாவசங்கீர்த்தனத்தை, அந்தக் கடைசிப் பாவ அறிக்கையை, கேட்டு மன்னிப்புக் கொடுத்திருக்கலாம் அம்மா. தாத்தா யாராவது சாமியார் வருவாரா என்று கேட்டுக்கொண்டேதானே கண்ணை மூடினார்.

தங்கச்சி கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்கப் போகிறார்கள். தாலியைப் பங்குச் சாமியாரே மந்திரிக்கட்டும், அதை நான் கேட்கவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் போடாமல் நீங்களும் அப்பாவும் நேரில் போய்க் கொடுங்கள். சித்தி பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், டிரங்குப் பெட்டிக்கு அடியில் நீங்கள் வைத்த அவருடைய குருப்பட்டப் போட்டோ, கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அன்பு மகன்