உனக்குச் சொல்லாமல் விட்ட செய்தி

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும்தான். நீ அனுப்பிய தயிர்ச்சட்டி உடையாமல் வந்து சேர்ந்தது, அன்றைக்கே முடிந்தும் போனது. வீட்டுக்கு அடித்த பெயின்ற்றின் படத்தையும் பார்த்தோம். அந்தப் பச்சையைத் தெரிவு செய்தது நீயா, மச்சாளா? நீ என்றால் ஒருமுறை கண் டொக்டரிடம் போய் வா.

எட்டு மாதமாக நான் உனக்கு ஒழுங்காக எழுதவில்லை. நீ கோல் எடுத்தாலும் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். வேலை என்று சொன்னேன். அது காரணமில்லை. சின்னவள் பாடசாலையில் கெடேற்றில், அதுதான் மாணவர் படைப் பயிற்சியில், சேர்ந்துவிட்டாள். உன் அண்ணாவை நினைத்தபோது அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன கிழமை ரந்தம்பே முகாமுக்கும் போய் வந்துவிட்டாள். இனியும் உன்னிடம் மறைக்க என்னால் முடியாது.

அவள் முதலில் கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். 'நாங்கள் போனமாதிரி சாரணர் பக்கம் போ, காடு மலை எல்லாம் அங்கேயும் இருக்கிறது' என்றேன். அவள் சும்மா விடுவாளா? சாரணரைத் தொடங்கிய பேடன் பவலும் சிப்பாய்தானே என்று பிடித்துக்கொண்டாள். தென்னாபிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகையில் செய்தி கொண்டு ஓடிய கெடேற் சிறுவர்களைப் பார்த்துத்தான் அவருக்குச் சாரணர் யோசனையே வந்ததாம். அவர் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டது 1907இல். கொழும்பு றோயல் கல்லூரியில் 1881லேயே கெடேற் தொடங்கிவிட்டார்கள். 'அப்ப எது அப்பா மூத்தது?' என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. கையெழுத்து வைத்தேன்.

ஆனால் மச்சான், அந்தக் கெடேற் உடுப்பை முதன்முதல் தோய்த்துக் கொடியில் போட்ட அன்று அம்மா ஒன்றும் பேசாமல் போய் அதை எடுத்தா. எடுத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி கிணற்றடிப் பக்கம் காயப்போட்டா. பிள்ளைக்கு அது விளங்கவில்லை. வெயில் படாத இடத்தில் ஏன் போட்டீர்கள் என்று அப்பாச்சியோடு சண்டைக்குப் போனாள். அவள் பிறந்தபோது யுத்தம் எல்லாம் முடிந்துவிட்டது. சப்பாத்துச் சத்தம் கேட்டால் எங்களுக்கு வயிறு என்ன செய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியவேண்டுமா என்றும் யோசித்தேன். அன்றிரவு நான் படுக்கவே இல்லை.

அவள் முகாமில் இருந்த நாட்களும் அப்படித்தான் போயின. ரந்தம்பே சரணாலயக் காடு, யானை திரிகிற இடம். அதை நினைத்தே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்தவளைப் பார்த்தால் கறுத்து, மெலிந்து, குதிக்கால் இரண்டிலும் சப்பாத்துக் கடி. வீட்டுக்குள் வந்த கையோடு தம்பியை நிறுத்தி 'சீருவென்!' என்று ஒரு கத்து, நேராக நில் என்றாம். கட்டளை எல்லாம் சிங்களத்தில்தானே, முதல் இரண்டு நாளும் பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்துத்தான் திரும்பினாளாம்.

அப்புறம் வரைபடத்தை எடுத்து விரித்தாள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள். ஒரு சென்ரிமீற்றர் என்றால் தரையில் 500 மீற்றர். திசைகாட்டியில் கோணம் பிடித்து, காலடி எண்ணி நடக்கவேண்டும். அவளுக்கு 100 மீற்றருக்கு 68 இரட்டை அடி, ஏற்றத்தில் இன்னும் கூடும் என்கிறாள். பற்றைக்குள் எண்ணிக்கை தவறினால், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போகவேண்டுமாம். எங்கள் கன்னியா நடைப்பயணத்தில் உனக்கு அதை யாராவது சொல்லித் தந்திருக்கக் கூடாதா? வழி தவறி நின்ற எங்களுக்கு மாட்டுப்பட்டிக்காரர் மோர் தந்த கதையை அவளுக்குச் சொல்லிவிட்டேன். மாமாவிடம் வரைபடமே இருக்கவில்லையா என்று நம்பமாட்டாமல் கேட்டாள்.

துருவ நட்சத்திரத்தை அங்கே மலை மறைத்துவிட்டதாம். முந்தநாள் இரவு உப்புவெளிக் கரைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஊரில் அது வானத்தின் உச்சியில் நிற்பதில்லையே, எட்டரைப் பாகை உயரம்தான். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும். நிலாவெளிப் பக்கம் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றோம். மங்கலாக, தென்னைகளுக்குச் சற்று மேலே தெரிந்தது. கண்டுபிடித்தது அவள்தான். இத்தனை வருடம் இந்தக் கரையில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் நான் வடக்கைத் தேடிப் பார்த்ததில்லை மச்சான்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் அதே வரைபடப் பேச்சுத்தான். முகாம் பக்கத்தில் ஓடுவது மகாவலி, அது 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது, ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிகிறது என்று விரலால் காட்டினாள். அம்மா வெருகலை விட்டு வந்த பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை, உனக்குத் தெரியும்தானே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நீலக் கோட்டைப் பார்த்தபடியே இருந்தா. பிறகு, 'அந்தத் தண்ணியில குளிச்சியா?' என்று கேட்டா. 'குளிக்க விடமாட்டினம் அப்பாச்சி, கால் கழுவினேன்' என்றாள். அம்மா அவளுடைய காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிக்கால் புண்ணுக்கு மஞ்சள் வைத்துவிட்டா.

உடுப்பு இன்னும் கிணற்றடியில்தான் காய்கிறது.

அவளுக்கு அடுத்த வருடமும் போகவேண்டுமாம். மனைவி ஓ/எல் சோதனைப் படிப்பைக் காட்டி மறிக்கிறாள். எனக்கு அவள் போவதில் விருப்பம்தான். இருந்தாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் அந்த விருப்பம் எனக்குள் சரியாக நிற்கவில்லை. மனம் நொந்தால் நொந்தது என்றே எழுது. அண்ணாவைப் பற்றி அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அது உன் வாயால் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

முகாம் கதையை மாமாவிடம் தானே சொல்லவேண்டும் என்று நிற்கிறாள். பொறு என்று வைத்திருக்கிறேன். உனக்குச் சரி என்றால் ஞாயிறு பின்னேரம் ஒரு கோல் எடு. போனை அவளிடமே கொடுத்து வைக்கிறேன்.

உன்,
மச்சான்