சாருவுக்கு அம்மா எழுதுவது

சாரு,

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், இங்கே அவ்வளவுதான் விசேஷம். உன்னோடு வேலை பார்க்கும், ஈரானில் ஷிராஸ் ஊர்க்காரத் தம்பியைப் பற்றி ஒரு தடவை சொன்னாய், அப்புறம் அந்தப் பேச்சையே காணோம். நானும் கேட்கவில்லை. ஈரானைப் பற்றிச் செய்தியில் பார்த்தால் சண்டையும் எண்ணெய் விலையும்தான் வருகிறது, அதனால் அந்த மக்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் வீட்டில் இருந்தது பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்கள், கவிமணி தமிழில் தந்ததுதான். அழகுதான், ஆனால் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக வந்தது, அதை வைத்து அவர்களை எடைபோட முடியாது. அவர்கள் வீட்டில் வைத்துக் கொண்டாடுவது ஷிராஸ் கவிஞர் ஹாபிஸை. டிசம்பரில், வருஷத்திலேயே நீளமான இரவான யல்தா இரவன்று மாதுளை, தர்பூசணியோடு குடும்பமாக உட்கார்ந்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஹாபிஸ் கவிதைப் புத்தகத்தைப் பிரித்துப் பலன் பார்ப்பார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நீ முதலில் படிக்க வேண்டியது சிமின் தானேஷ்வரின் 'சவூஷூன்', 1969-இல் வந்த நாவல். இரண்டாம் உலகப்போர் சமயம், ஷிராஸில் பிரிட்டிஷ் படை இருக்கிறது, கதாநாயகி ஜரீயின் கணவன் தன் தானியத்தை அந்தப் படைக்கு விற்கமாட்டேன் என்கிறான். அவளுக்கோ வீட்டுக்குள் வம்பு வரக்கூடாது. கவர்னர் மகளின் கல்யாணத்தில், கணவன் தனக்குப் போட்ட மரகதக் கம்மலைக் கேட்கிறார்கள், மனசே இல்லாமல் கழற்றிக் கொடுக்கிறாள். பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறவள் கடைசியில் பயத்தை விடுகிறாள், ஆனால் அதற்குள் கணவனைக் கொன்றுவிட்டார்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிறது, கட்டாயம் படி.

கவிஞர் பிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா என்ற அரசர்கள் காவியத்தில் வீரன் ருஸ்தம் கதை மட்டும் படித்தேன். போர்க்களத்தில், அப்பாவைப் பார்த்தே இராத அவன் மகன் சுஹ்ராப், நீதான் ருஸ்தமா என்று கேட்கிறான், ருஸ்தம் இல்லை என்கிறான். தன் கத்தி மகன்மேல் இறங்கிய பிறகுதான், அடையாளமாகத் தான் முன்பு கொடுத்த மணி அவன் கையில் கட்டியிருப்பதை ருஸ்தம் பார்க்கிறான். ஒருவர் கேட்டும் இன்னொருவர் சொல்லாததால் எவ்வளவு பெரிய நாசம்! அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ தனியாக டொரண்டோ போய் நின்றதை இங்கே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போனில் பேச நேரமில்லையா? சவூஷூனைப் படி. ஹாபிஸில் எதிலிருந்து தொடங்கலாம் என்று அந்தத் தம்பியிடம் கேட்டுச் சொல். இல்லையென்றால் அடுத்த முறை வீடியோவில் கூப்பிடும்போது அவரையும் உட்கார வை, நானே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா