ஐப்பசி மழைக்கு முன் நாலு ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் பெயின்ட் பொருக்காக உரிகிறது, குளியலறைக் குழாய் சொட்டுகிறது, கழிப்பறைத் தொட்டியில் சலசலப்பு நிற்கவில்லை, மழை பெய்தால் ஜன்னல் ஓரம் தண்ணீர் தேங்குகிறது. பார்க்க நாலு வேலை மாதிரி இருக்கும். நாலுக்கும் மூலம் தண்ணீர்தான். பெயின்டருக்கு இப்போது முன்பணம் கொடுத்துவிடாதே. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பூசினால், எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் அடுத்த மழைக்கு உதிர்ந்துவிடும்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வேறு. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், அதற்கு மேல் இழுத்துக்கொள்ளாதே. சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவர் காயாது, சிலிகான் ஒட்டாது. அதனால் புரட்டாசிக்குள் முடித்துவிடு.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பத்து அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, ஸ்க்ரூடிரைவர் செட், குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் இரண்டு சுருள், ஆக்ஸா பிளேடு ஒன்று, டைல் இடுக்கை நிரப்பும் கிரவுட் பொடி ஒரு கிலோ, குளியலறைக்கான சிலிகான் ஒரு டியூப், அதை அழுத்தும் கன். பழைய டூத்பிரஷ் வீட்டிலேயே இருக்கும்.

முதலில் கழிப்பறைத் தொட்டி, அதுதான் சுலபம். துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள். கோப்பையில் நீலம் தெரிந்தால் தொட்டியின் அடி வாசர் ஒழுகுகிறது என்று அர்த்தம். தொட்டிக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை மூடி, தொட்டியைக் காலி செய்து, நடுவிலுள்ள ஃப்ளஷ் வால்வைத் திருகி எடு. பெரும்பாலும் அடியிலுள்ள வாசரில் உப்புப் படிந்திருக்கும், துடைத்துப் போட்டாலே நின்றுவிடும். வாசர் விறைத்துப்போயிருந்தால் அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கு. நீலம் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டால், தண்ணீர் நடுக்குழாயின் மேல்வாய் வழியாக வழிகிறது. மிதவையின் திருகைத் திருப்பி, நீர்மட்டம் அந்த வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும்படி வை.

குழாய்க்கு வா. பத்து நிமிடம் அடியில் ஒரு கிண்ணம் வைத்துச் சேர்ந்ததை அள, 144ஆல் பெருக்கு. 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் இது சின்ன விஷயமில்லை.

கைப்பிடியை மூன்று நாலு சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய வகை என்றால் உள்ளே ரப்பர் வாசர் இருக்கும், சில ரூபாயில் தீரும். கால் சுற்றில் திறக்கும் வகை என்றால் வாசர் தேடாதே. உள்ளே பீங்கான் தகடுகள் இருக்கும், குழாயைத் திறந்து மூடும் உள்தண்டை, அதாவது ஸ்பிண்டிலையே முழுசாக மாற்ற வேண்டும். கடையில் 'அரை இன்ச் ஸ்பிண்டில்' என்று மட்டும் கேட்டால் தவறானது கைக்கு வரும். தண்டின் தலையிலுள்ள பல்லின் எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

ஆரம்பிக்கும் முன் குளியலறை வால்வை மூடு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் திருப்பாத கேட் வால்வு இறுகியிருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தண்டு உடைந்து, சொட்டு நீர் வெள்ளமாகிவிடும். கையாலேயே முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசை. அசையவில்லை என்றால் விட்டுவிடு, பிளம்பரை அழைத்து வால்வை முதலில் மாற்று. வேலை செய்யும்போது தரைத் துளையின் மேல் ஒரு துணியைப் போட்டு வை, திருகு உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது. குரோம் பளபளப்பு கீறாமல் இருக்க, ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் துணி சுற்று. குழாயையே மாற்றும்படி ஆனால், மரையின் முனை உன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு டெஃப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் எட்டுப் பத்துச் சுற்று, இழுத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றியது மாட்டும்போதே பிரிந்து வந்துவிடும். சுவருக்குள் பிளாஸ்டிக் எல்போ, அதாவது வளைவு இணைப்பு இருந்தால் பலம் காட்டாதே. அது விரிசல் விட்டால் டைலை உடைத்துத்தான் சரி செய்ய முடியும்.

குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் பெரும்பாலும் கோளாறு அழுத்தத்தில் இருக்காது, வாயிலுள்ள சல்லடையில் இருக்கும். போர் தண்ணீரின் உப்பு அது. கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து டூத்பிரஷால் தேய். ஷவரைக் கழற்ற வேண்டாம், வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை அதன் தலையில் கட்டிவிடு. இரண்டு எச்சரிக்கை, பாப்பா. வினிகரையோ எந்த ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு வரும். குழந்தை இருக்கும் வீடு. இன்னொன்று, உங்கள் வரவேற்பறை மொசைக் தரையில் ஆசிட் சிந்தினால் அந்த இடம் பளபளப்பு இழந்து சொரசொரத்துவிடும்.

ஜன்னலுக்கு ஆள் கூப்பிடவே வேண்டாம். ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தில், வெளிப்பக்கமாகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மழைத்தண்ணீர் வெளியேறுவதற்கென்றே வைத்தவை. தூசியும் இறந்த பூச்சிகளும் அடைத்துக்கொண்டால் தடம் நிரம்பி உள்ளே வழியும். டூத்பிரஷால் தடத்தைத் துடைத்து, துவாரங்களைக் கம்பியால் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார். உடனே வெளியே போக வேண்டும். கசிவு என்று நினைத்துச் சிலர் இந்தத் துவாரங்களையே சிலிகானால் அடைத்துவிடுவார்கள், நீ அதைச் செய்துவிடாதே.

இனி சுவர். இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஈரத் திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுது. இரண்டு வாரம் கவனி. மழை பெய்த மறுநாள் கோட்டைத் தாண்டினால் வெளிச்சுவரில் விரிசல், அது குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பு, படத்தோடு எழுத்தில் கொடு. மழையில்லாத நாளிலும் தாண்டினால், பின்னாலிருக்கும் குளியலறைதான். யாரும் குளிக்காமல் ஊருக்குப் போன நாட்களிலும் வளர்ந்தால் சுவருக்குள் ஓடும் குழாய் ஒழுகுகிறது, அது பிளம்பர் வேலை.

உன் வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் ஷவர் இருக்கிறது, அதனால் டைல் இடுக்குகளின் மேல்தான் எனக்குச் சந்தேகம். வெள்ளை சிமென்டைக் கரைத்துத் தேய்த்துவிடலாம் என்பார்கள். அது சுருங்கி, நாளடைவில் மாவாக உதிரும். கிரவுட்டே போடு. ஆக்ஸா பிளேடால் பழையதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடு. மேலோட்டமாகப் பூசினால் பிடிமானம் இருக்காது. தூசியைத் துடைத்து, இடுக்கை லேசாக ஈரப்படுத்து. கிரவுட்டைப் பற்பசைப் பதத்துக்குக் குழை. தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும். ரப்பர் துண்டால் அழுத்தி நிரப்பி, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் இடுக்குக்குக் குறுக்காக, மூலைவாட்டில் துடை. இடுக்கின் நீளத்திலேயே துடைத்தால் நிரப்பியது வெளியே வந்துவிடும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, அன்று மற்ற குளியலறையில் குளியுங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் நிற்காது, அந்த இடம் வெயிலுக்கும் குளிருக்கும் அசையும். அங்கே சிலிகான் போடு. பழைய சிலிகான் ஒரு துளிகூட இல்லாமல் எடுத்தாக வேண்டும், அதன் மேல் புதியது ஒட்டாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் பிதுக்கி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் நீவு. சிலிகான் மேல் பாலாடை மாதிரி ஏடு கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடு. இதற்கும் 24 மணி நேரம்.

அந்த ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருப்பது போலப் படத்தில் தெரிகிறது. இருந்தால் அதில் மட்டும் கை வைக்காதே. அந்தப் போர்டுக்கான எம்சிபி சுவிட்சை மெயின் போர்டில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழை. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 'T' என்று எழுதிய பொத்தானோடு மெயின் போர்டில் இருக்கிறதா பார், பொத்தானை அழுத்தினால் அதன் சுவிட்ச் படக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்று. இதில் காசு பார்க்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

பெயின்ட் தைக்கு அப்புறம்தான். அதற்குள் உரிந்ததைச் சுரண்டி, பூத்திருக்கும் வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷால் மட்டும் தட்டிவிடு. ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போகும். பூசும் முன் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் இடைவெளியின்றி டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடு. சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகு பட்டி இரண்டு மெல்லிய கோட், உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். உட்பக்கம் 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உள்ளே நீர் இருந்தால் அந்தப் பூச்சே கொப்புளமாகக் கிளம்பும்.

மழையில் குளியலறைக் கதவு இறுகினால் இழைக்கச் சொல்லாதே, கோடையில் மரம் சுருங்கி இடைவெளி விழும். கீல் திருகுகள் தளர்ந்திருக்கிறதா பார். திருகு பிடிக்காமல் சுற்றினால், ஓட்டையில் ஃபெவிகால் தொட்ட மூங்கில் குச்சிகளைச் சொருகி, காய்ந்ததும் முடுக்கு.

இந்த ஞாயிறு நீலம் மட்டும் விட்டுப் பார், பென்சில் கோடும் போட்டுவிடு. குழாயைக் கழற்றியதும் ஸ்பிண்டிலை ஒரு படம் எடுத்து அனுப்பு, எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா