அந்தப் பத்தை எங்கே பெருக்குவது? வன்னியின் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பரந்தனுக்குக் கிட்ட, ஏ9 வீதியோரம் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். லான்ட்மாஸ்டர் சில்லும் அரிசி ஆலைக் கப்பியும்தான் என் உலகம். உங்களுக்குப் பாடம் சொல்ல வரவில்லை. பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்.

போன மாதம் மருமகன் கொப்பியோடு வந்தான். லேத்தில் அப்போதுதான் கடைந்து இறக்கிய இரும்புத் தட்டு ஒன்று கிடந்தது: விட்டம் 40 சென்ரிமீற்றர், தடிப்பு 3. நிறுத்தால் 30 கிலோ. அதன் சடத்துவத் திருப்பத்தை, அதாவது சுழற்சியை மாற்ற அது காட்டும் எதிர்ப்பின் அளவை, கணிக்கச் சொன்னேன். அரை, தர 30, தர ஆரை 0.2 இன் வர்க்கம்; 0.6 வர வேண்டும். அவன் 6 என்று எழுதினான்.

“நிறை எண்டால் 300 நியூற்றன் தானே மாமா?”

பெடியன் உங்கள் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவன்தான். இரவில் போனில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களையும் பார்க்கிறான். நல்ல பாடங்கள், நானும் பார்ப்பதுண்டு. ஆனால் இந்தச் சூத்திரத்தில் அவர்கள் ‘நிறை’ என்பது நம்முடைய திணிவு, கிலோகிராமில் வருவது. நாம் நிறை என்பதை, அதாவது புவி இழுக்கும் விசையை, அவர்கள் எடை என்பார்கள். சடத்துவத் திருப்பத்துக்கு அவர்கள் சொல்லும் ‘நிலைமத் திருப்புத்திறன்’ அவனைக் குழப்பவில்லை. தெரியாத சொல் என்று தேடிப் பார்த்துக்கொண்டான். தெரிந்த சொல்தான் காலை வாரியது.

இதில் இன்னொரு கள்ளம் இருக்கிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தே பழக்குகிறோம். 9.81 என்றால் விடை 5.886 என்று வந்து கண்ணை உறுத்தியிருக்கும். பத்தால் பெருக்கியதால் தசமப் புள்ளி மட்டும் ஓரிடம் தள்ளிப் போனது. யார் கவனிப்பார்?

வாதாடவில்லை. தட்டைப் பெயாரிங்கில் ஏற்றி, விளிம்பில் கயிறு சுற்றி, மீன்காரரிடம் வாங்கிய கொழுக்கித் தராசை அதில் மாட்டினேன். ஓய்விலிருந்து இரண்டு செக்கனில் ஒரு சுற்றுச் சுற்றும்படி இழு என்றேன். கோண ஆர்முடுகல் 3.14. அதை 0.6 ஆல் பெருக்கினால் முறுக்கம் 1.88 நியூற்றன் மீற்றர். ஆரையால் வகுத்தால் இழுவை 9.4 நியூற்றன், தராசில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவன் கணக்குப்படி ஒன்பதரைக் கிலோ காட்ட வேண்டும். கை ஒரே சீராக இழுக்குமா? உராய்வும் உண்டு. ஊசி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் ஆடியது. ஒன்பதின் பக்கமே போகவில்லை.

அப்புறம்தான் அவன் கேட்டான், “தராசிலயும் கிலோ எண்டுதானே போட்டிருக்கு?” அது நல்ல கேள்வி. அந்தக் கிலோ இழுவை, அதாவது விசை. அதைத்தான் பத்தால் பெருக்கி நியூற்றன் ஆக்க வேண்டும். தட்டின் 30 கிலோ திணிவு, அப்படியே உள்ளே போக வேண்டும்.

இந்தக் குழப்பம் மாணவருக்கு மட்டும் உரியதல்ல. பழைய ஜப்பான் மோட்டர்க் கையேடுகளில் சடத்துவத் திருப்பத்துக்குப் பதிலாக ‘ஜீடி வர்க்கம்’ (நிறை தர விட்டத்தின் வர்க்கம்) என்று, நிறையைக் கிலோகிராம் விசையில் எடுத்து ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அங்கே இருப்பது ஆரை அல்ல, விட்டம். ஆகவே நாலால் வகுத்தால் நம் கிலோகிராம் மீற்றர் வர்க்கம் வந்துவிடும். அங்கேயும் பத்துக்கு வேலை இல்லை.

என் விண்ணப்பம் இதுதான். இந்த அலகைத் தொடங்கும் நாளில் திணிவு, நிறை, எடை மூன்றையும் பலகையில் எழுதி, எது எந்தக் கரைச் சொல் என்று சொல்லிவிடுங்கள். விடைக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, பிரதியிடும் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு எழுதாமல் புள்ளி கொடுக்காதீர்கள். ‘நியூற்றன் மீற்றர் வர்க்கம்’ என்று எழுத வேண்டி வந்திருந்தால் அவனுக்கே கை நின்றிருக்கும்.

தராசை மீன்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கேட்டால் மறுபடி தருவார். தட்டு இன்னும் பெயாரிங்கில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் சேர்.

இப்படிக்கு,
ஒரு லேத்காரன்