வாண்டா வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் நர்சரியில் வாண்டா டெசெலேட்டா ஆர்க்கிட் வாங்கிப் போகிறவர்களில் பலர் அதை மண் தொட்டியில் நட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மரத்தின் மேல் வாழும் செடி இது. மண்ணில் புதைந்தால் வேர் அழுகிவிடும். மாமரமோ வேப்பமரமோ, பட்டை சொரசொரப்பாக இருந்தால் போதும். காலை வெயில் படும் பக்கத்தில் சணல் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். மாடி வீடு என்றால் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிடலாம். புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சாது, பயப்படாதீர்கள்.

தண்ணீர் எப்போது விடுவது என்பதை வேரே சொல்லும். காய்ந்த வேர் வெள்ளையாக இருக்கும், நனைந்ததும் கண்ணெதிரே பச்சையாக மாறும். பச்சையானதும் நிறுத்திவிடுங்கள், மறுபடி வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சித்திரை, வைகாசியில் தினமும் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையே பார்த்துக்கொள்ளும். கடலோரத் தெருக்களில் இருப்பவர்கள், போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள். உப்பு வேர் நுனியைக் கருக்கிவிடும்.

சரி, தோப்பில் பார்த்த செடியும் இதுவும் ஒன்றா? பூ இல்லாதபோது அகாம்பே பிரேமோர்சா என்ற இன்னொரு மரத்து ஆர்க்கிட்டோடு குழம்புவது சகஜம். இலையைத் தொட்டுப் பாருங்கள். வாண்டா இலை ஒடுக்கமாக, நடுவில் மடிந்திருக்கும்; நுனி யாரோ கடித்து வைத்தது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். அகாம்பே இலை தடிப்பாக, அகலமாக, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. அகாம்பே பூ ஒரு சென்டிமீட்டர்தான், மஞ்சளில் செம்பழுப்புக் கோடுகளோடு தண்டை ஒட்டிக் கொத்தாக வரும். வாண்டா பூ நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டங்கள், உதடு போன்ற கீழிதழ் ஊதா, அப்புறம் அந்த வாசனை! தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி எழுதிய நூலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகிய செடி.

காட்டில் பிடுங்கிய செடியை நாங்கள் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. இதன் விதை தூசி அளவுதான். தானாக முளைக்க ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டும், பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடம் எளிதில் நிரம்பாது. ஆய்வகத்தில் வளர்த்த கன்றுகளை மட்டுமே தருகிறோம், விலை கொஞ்சம் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

புயலில் முறிந்த கிளையோடு இது விழுந்து கிடந்தால், பக்கத்தில் நிற்கும் மரத்திலேயே எடுத்துக் கட்டிவிடுங்கள். கட்டும் விதம் பிடிபடவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், செய்து காட்டுகிறோம்.

அன்புடன்,
உங்கள் நர்சரி, புதுச்சேரி